கை நீட்டுற பாஸும் கண்ணாடி ஸ்கேலும்

அந்த மனுசன் எதையும் தட்டிப் பாக்காம நம்பமாட்டாரு. பலாப்பழத்த எல்லாருந்தான் தட்டிப் பாப்போம், அத விடுங்க. அவரு தண்ணித் தாங்கியத் தட்டுவாரு, புதுசாக் கட்டின சுவரத் தட்டுவாரு. எங்க கடைக்கு வந்தா பேரிங் பெட்டியக் கூட மேசையில ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் பிரிப்பாரு. வார்ப்பிரும்புச் சாமான் ஏதாச்சும் கையில கெடச்சாப் போதும், கயித்துல கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால ஒரு போடு போட்டு, காதக் குடுத்துக் கேப்பாரு. கணீர்னு வந்தா நல்ல சாமான். சொத்துன்னு வந்தா உள்ளுக்கு வெடிப்பு. "தட்டுனாச் சொல்லும் தங்கச்சி"ம்பாரு. இரும்புக்கு அது சரிதான், வேலை தெரிஞ்ச எல்லாரும் செய்யிறதுதான். இந்த ஆளு மனுசங்களையும் அப்பிடியே தட்டிப் பாத்தாரு.

பேரு சொல்லமாட்டேன். பதுளையில, ஹாலிஎல போற ரோட்டுல, எல்லாருக்கும் அவரு பாஸ், கைத்தொழில் தெரிஞ்ச மேஸ்திரிய எங்க பக்கம் அப்பிடித்தான் கூப்புடுவோம். எங்க அப்பா வச்சிட்டுப் போன சாமான் கடைய நான் பாக்கிறேன். பேரிங், பெல்ட், போல்ட், நட்டு இந்த மாதிரி. கடைய ஒட்டின தகரக் கொட்டகைதான் அவரு வேலைத்தலம். ஒரு லேத்து, ஒரு பழைய மில்லிங் மிசின், ஒரு வெல்டிங் செட். சுத்தியிருக்கிற தேயிலை பெக்டரிகள்ல எது ஒடஞ்சாலும் லொறியில ஏத்திக்கிட்டு இவருகிட்டதான் வருவாங்க. லுணுகலைப் பக்கத்துலருந்தும் வருவாங்க. எனக்கும் அவருக்கும் நடுவுல ஒரே ஒரு தகரம். அந்தப் பக்கம் விழுற அடியெல்லாம் எனக்குக் கேக்கும். இரும்புல விழுற அடி எது, ஆள் மேல விழுற அடி எதுன்னு பிரிச்சுச் சொல்ற அளவுக்கு என் காது பழகிப் போச்சு. இதெல்லாம் ஒரு பழக்கமா, சொல்லுங்க. இப்ப கொட்டகை பூட்டிக் கெடக்கு. அந்தத் தகரத்துல நான் கலண்டர் மாட்டியிருக்கேன்.

ஒரு தரம் பெக்டரி ஒன்னுலருந்து ஒரு ஆளு வந்து, "பாஸ், நீங்க கடைஞ்சு குடுத்த ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு"ன்னு நீட்டினான். பாஸ் அத லேத்துல பூட்டிச் சுத்தவிட்டுப் பாத்தாரு. நடுவுல வளைஞ்சுதான் இருந்துச்சு. மெதுவா மிசினை நிப்பாட்டிட்டு, திரும்பி, அந்த ஆளு கன்னத்துல விட்டாரு ஒன்னு. ஆளு போய் இரும்புத் தூள் குவியல்ல விழுந்தான். "நான் குடுக்கும்போது நேரா இருந்துச்சு. இப்பச் சொல்லு." அவன் ஒதட்டுல ரத்தத்த வச்சுக்கிட்டே சொன்னான், லொறியிலருந்து எறக்கும்போது நழுவ விட்டுட்டாங்களாம். பாஸ் அவனைத் தூக்கி உக்கார வச்சு, தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, ஷாஃப்ட்ட நிமித்தியும் குடுத்தனுப்பினாரு. எங்கிட்ட வந்து, "பாத்தீங்களா, தட்டினதும் வந்திருச்சு"ன்னு சிரிக்கிறாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "எங்க வீட்டு நாய்க்குக் கூட கடிக்கிறதுக்கு முன்ன உறுமத் தெரியும் பாஸ்"னேன். அதுக்கும் சிரிச்சாரு. என் மேல அவரு கை நீண்டதே இல்ல, அதனால என் வாயும் நீளம். அவருகிட்ட இருந்த பெரிய கெடுதி என்னன்னு கேட்டா, அவரு அடிச்ச நேரம் பாதிக்குப் பாதி உண்மை வந்திருக்கு. வராத பாதிய அவரு யோசிச்சே பாக்கல.

எங்கருந்து வந்துச்சு இந்தப் புத்தின்னு அவரு பொண்சாதி லெச்சுமிகிட்ட ஒருநாள் கேட்டேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுலருந்து வந்துச்சுன்னு சொன்னா. அவரு கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்தவரு. அம்மா கொழுந்தெடுத்துக்கிட்டு வந்து மடுவத்துல, அதான் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில, நிறுத்தா, தராசு எப்பவும் கொறச்சே காட்டுமாம். கேட்டா கணக்கப்பிள்ளை, "தராசு பொய் சொல்லுமா? நீதான் பொய் சொல்ற"ன்னு பொம்பளைங்க முன்னுக்கே ஏசுவாராம். இவரு வாலிபமானதும் ஒருநாள் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டுப் போய் அந்தத் தராச அடிச்சு நொறுக்கியிருக்காரு. உள்ள பாத்தா ஒரு ஈயத்துண்டு ஒட்டியிருந்துச்சாம். ஈயத்துண்ட யாரும் கேக்கல. இவரத்தான் கட்டிவச்சு அடிச்சு, தோட்டத்த விட்டே வெரட்டினாங்க. அந்த அடியில இடது காது மந்தம். லெச்சுமி இதச் சொல்லும்போது பெருமையாத்தான் சொன்னா. எனக்கும் கேக்கும்போது, பாவிமனுசன், நல்லாத்தான் செஞ்சிருக்கான்னு இருந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும், இல்லாட்டி நான் ஒருபக்கமாப் பேசுறேன்னு ஆயிரும். ஒருநாள் பதுளை பஸ் ஸ்டேண்டுல ஒரு தடியன், தோட்டத்துலருந்து சாமான் வாங்க வந்த புள்ளை ஒருத்தியக் கையப் புடிச்சு இழுத்துட்டான். சனமெல்லாம் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சு. பாஸ் ரோட்டத் தாண்டிப் போய், அவன் மூக்க ஒரே குத்துல ஒடச்சாரு. ரத்தம் கொட்டுது, பொம்பளைங்க எல்லாம் "போடுங்க, இன்னும் போடுங்க"ங்கிறாங்க. நானும்தான் சொன்னேன். அன்னைக்கு சாயந்தரம் தகரத்துக்கு அந்தப் பக்கம் லெச்சுமி கத்துற சத்தம் கேட்டுச்சு. மதியச் சோத்துல கல்லு கெடந்துச்சாம், அரிசியப் பொறுக்குனேன்னு பொய் சொன்னாளாம். பஸ் ஸ்டேண்டுல நாங்க மெச்சின கைதான் இது. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும்னு சொல்ல வெக்கமா இருக்கு. பிடிக்கும், ஆனா அவரு கிட்ட வந்தா நான் ஒரு எட்டுத் தள்ளியே நிப்பேன்.

எல்லாரையும் விட அதிகமா அடி வாங்கினது மகேந்திரன். லெச்சுமியோட கூடப்பொறந்த தம்பி. கலியாணம் கட்டி, குடும்பஸ்தன், மில்லிங் மிசின்ல நிக்கிறவன். அமைதியான ஆளு, கொஞ்சம் மறதிக்காரன். அந்த மிசினும் கெழட்டு மிசின். மேசைய நகத்துறது ஒரு நீட்டுத் திருகாணி; கைச்சக்கரத்தச் சுத்தினா மேசை நகரும், எத்தினி சுத்துன்னு மனசுல எண்ணிக்கிட்டே போகணும். திருகாணி தேஞ்சு போனதால, மறுபக்கம் சுத்தும்போது சக்கரம் கொஞ்ச தூரம் சும்மாவே சுத்தும், மேசை அசையாது. அந்தச் சும்மாச் சுத்த எண்ணாம விட்டா, துளை ஒரு அரிசி அகலத்துக்கு விலகி விழும். துளை விலகினா சாமான் போச்சு. சாமான் போனா மகேந்திரனுக்கு அடி. "சரியாத்தான் மச்சான் எண்ணினேன்"ம்பான். அதுக்கு இன்னொரு அடி, பொய் சொன்னதுக்கு.

ஒருநாள் லெச்சுமி கடைக்கு வந்தா. ஆள் இல்லாத நேரம் பாத்து வந்திருக்கா. "அக்கா, நேத்து அவனைப் போட்டு அடிச்சதுல பல்லு ஒன்னு விழுந்திருச்சு. என்னைய அடிச்சா நான் தாங்கிக்குவேன். அவன் அடி தெரியாம வளந்த புள்ளை. அந்த மிசின் எவ்வளவு நகந்துச்சுன்னு கண்ணால பாக்கிற மாதிரி ஒன்னு இருக்காமே. அது இருந்தா, யாரு சரி யாரு பெழைன்னு அதுவே காட்டிரும்ல? இவரு கையத் தூக்கமாட்டாருல்ல?"

அப்பிடி ஒன்னு இருக்கத்தான் செய்யுது. மேசையோட பக்கத்துல நீட்டுக்கு ஒரு பட்டை பூட்டுவாங்க, அது மேல ஒரு சின்னத் தலை ஓடும். மேசை எவ்வளவு நகருதோ அத மட்டும் பாத்து ஸ்கிரீன்ல எண்ணாக் காட்டும். திருகாணி தேஞ்சா என்ன, கைச்சக்கரம் சும்மாச் சுத்தினா என்ன, அதுக்குக் கவலையில்ல. ஸ்கேல்னு சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் செய்யிறது யானை வெலை. டொலர் ஏறினதுக்குப் பிறகு சீனத்துச் சாமானே நம்ம கைக்கு எட்டாத மாதிரித்தான் இருந்துச்சு. நான் கொழும்புக்குப் போன் போட்டு, எனக்குப் பழக்கமான யாவாரிய நச்சரிச்சு, பாத்துட்டுத் திருப்பித் தரலாம்னு மூனு தினுசு ஸ்கேல் எடுப்பிச்சேன். அந்த ஆளு ஒன்னு சொன்னாரு, அது நல்ல பேச்சு: "புள்ளிக்குப் பின்னால எத்தினி எண் காட்டுதுன்னு பாத்து மயங்காதீங்க. நொணுக்கமாக் காட்டுறது வேற, சரியாக் காட்டுறது வேற. தேயிலை மிசினுக்கு உங்களுக்குத் தேவையானது தாக்குப்பிடிக்கிற ஸ்கேல்." இன்னொன்னும் சொன்னாரு, மேசையோட நீளத்துக்கு வாங்கிக் காசைக் கொட்ட வேணாம், மேசை எவ்வளவு தூரம் ஓடுதோ அந்த அளவுக்கு வாங்கினாப் போதும்னு. மேசை ஓடுற தூரத்த மகேந்திரன் அளந்து குடுத்தான். அவனுக்குத்தான் எல்லாரையும் விட அவசரம்.

மூனையும் பாஸ் முன்னுக்கு வச்சேன். முதல்ல, இருக்கிறதுலயே மலிவான தினுசு. கடையில விக்கிற, தடிமன் அளக்கிற டிஜிட்டல் கெலிப்பர நீட்டிவிட்ட மாதிரி இருக்கும். பாஸ் அத எடுத்து, வெட்டும்போது மிசினுக்கு ஊத்துற பால் மாதிரித் தண்ணி இருக்குல்ல, அந்த வாளிக்குள்ள முக்கினாரு. வெளிய எடுத்தா, எண்ணெல்லாம் பேய் புடிச்ச மாதிரி ஆடுது. "குடிகாரன்"னு சொல்லித் தூக்கி மூலையில வீசினாரு. நான் திருப்பிக் குடுக்க வேண்டிய சாமான் அது, நான் போட்ட சத்தம் அவருக்குக் கேக்கவே இல்ல.

ரெண்டாவது காந்த ஸ்கேல். எனக்கு அதுதான் மனசுக்குப் பிடிச்சிருந்துச்சு. எண்ணெய் பட்டாலும், தண்ணி பட்டாலும், புழுதி பட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். வெலை கொஞ்சம் கூட, அது மெய்தான். பாஸ் வாளிக்குள்ள முக்கினாரு, அசையல. சுத்தியலால பக்கத்துல தட்டினாரு, அசையல. சரி, தப்பிச்சோம்னு நெனச்சேன். அந்த நேரம் பாத்து, வேலை அளக்கிற காந்த ஸ்டேண்ட் ஒன்னு இருக்கும் பாருங்க, பிடிச்சா விடாது, அதக் கொண்டுபோய் நேரா பட்டை மேலயே வச்சாரு. எண் எங்கயோ ஓடிப்போச்சு. எடுத்ததுக்குப் பிறகும் அந்த எடத்துல மட்டும் தடுமாறிக்கிட்டே இருந்துச்சு.

"பாஸ், அது மேல காந்தம் வைக்கக் கூடாது, அம்புட்டுத்தான்"னேன்.

"என் கொட்டகையில எங்க காந்தம் இல்ல? ஆள் யாருன்னு பாத்துப் பேச்ச மாத்துற சாமான் எனக்கு வேணாம்."

அந்தப் பட்டையச் சுருட்டி அடுப்புல போடப் போனாரு. மகேந்திரன் குறுக்க விழுந்து புடுங்கினான். அதுக்கும் அவன் முதுகுல ஒன்னு விழுந்துச்சு.

மூனாவது கண்ணாடி ஸ்கேல். அலுமினியக் கூட்டுக்குள்ள ஒரு கண்ணாடி, கண்ணாடியில முடி மாதிரிக் கோடுகள். தலை அந்தக் கோடுகள ஒளியில பாத்து எண்ணிக்கிட்டே போகும். கூட்டோட வாயில ரெண்டு ரப்பர் ஒதடு, தூசு உள்ள போகாம. காந்தத்த விட மலிவு. ஆனா அழுக்கு உள்ள போச்சுன்னா கண்ணு குருடு. அத நான் தெளிவாச் சொன்னேன். பாஸ் சுத்தியல எடுத்தாரு, கண்ணாடின்னதும் கீழ வச்சுட்டாரு. காந்த ஸ்டேண்ட வச்சாரு, எண் அசையல. நகத்தால கூட்ட ஒரு சுண்டு சுண்டினாரு. அப்பிடியே கொஞ்ச நேரம் காதக் குடுத்துக்கிட்டு நின்னாரு. "இது பயந்த சாதி. பயந்தவன் பொய் சொல்லமாட்டான். இதையே பூட்டுங்க." அடி வாங்காமத் தப்பிச்சது அது ஒன்னுதான், அதனாலதான் அதை நம்பினாரு. நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் எடுபடல.

பூட்டினதுக்குப் பிறகு, சும்மா சொல்லக் கூடாது, ஒரு நிம்மதி வந்துச்சு. துளை எல்லாம் வைக்கிற எடத்துல விழுந்துச்சு. ஏதாச்சும் சந்தேகம்னா பாஸ் கையத் தூக்க முன்னுக்கு ஸ்கிரீனைப் பாப்பாரு. எண் சரியா இருக்கும், கை எறங்கிரும். எறங்கின கை சும்மா இருக்காதே, கதவுல ஒரு குத்து, எண்ணெய்ப் பீப்பாவுல ஒரு ஒதை. அது போகட்டும், பீப்பாவுக்கு வலிக்காது. மகேந்திரன் மொகம் தெளிஞ்சுச்சு. ஒருநாள் அவன் விசிலடிக்கிற சத்தம் தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு, நான் யாரோ புது ஆளுன்னு நெனச்சேன். லெச்சுமி கோயில்ல தேங்காய் ஒடச்சுட்டு, எனக்குப் பாதி மூடி கொண்டாந்து குடுத்தா.

பெறகு ஆயுத பூசை வந்துச்சு.

பாஸுக்கு அடிக்கு அடுத்ததா தெரிஞ்சது பக்தி. கொட்டகையக் கழுவி, வாழை கட்டி, லேத்து, மில்லிங், சுத்தியல், ஸ்பேனர் எல்லாத்துக்கும் தன் கையாலயே பட்டை போட்டு, சந்தனம் வச்சு, குங்குமம் வப்பாரு. வேற யாரையும் தொடவிடமாட்டாரு. பூசணிக்காய ரோட்டுல அவரு போட்டு ஒடைக்கிற வேகத்துக்கு பஸ்ஸே நிக்கும். அந்த வருசம் நானும் போய்ப் பாத்தேன். சாம்பிராணிப் புகையில சரியாத் தெரியல, மிசினுக்குக் கிட்ட குனிஞ்சுக்கிட்டு நின்னாரு, ரொம்ப நேரம் பூசிக்கிட்டு இருந்தாரு. சுண்டலும் அவலும் தின்னுட்டு வந்துட்டேன். அன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாது, அடுத்த நாள்தான் வேலை.

அடுத்த நாள் காலையிலயே லொறி வந்துச்சு. ஒரு பெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலரத் தாங்குற பிராக்கெட் ஒடஞ்சு போச்சு. பறிச்ச கொழுந்தெல்லாம் வாடப்போட்டு ரெடியா கெடக்கு, ரோலர் ஓடாட்டி அம்புட்டும் குப்பை. புது வார்ப்பு ரெண்டு கொண்டாந்தாங்க, ஒன்னு வேலைக்கு, ஒன்னு கையிருப்பு. துளை போட்டுக் குடுத்தாப் போதும். மகேந்திரன் ஸ்கிரீனைப் பாத்துத் துளை போட்டான். லொறிக்காரனுங்க முன்னுக்கே, பழைய ஒடஞ்ச பிராக்கெட்ட மேல வச்சுப் பாத்தாங்க. துளையும் துளையும் சேரல. அரிசி அகலம் இல்ல, சுண்டுவிரல் அகலம்.

நான் அந்நேரம் கடையில பெல்ட் அளந்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் பேச்சு எல்லாம் கேக்குது.

"எப்பிடிடா போச்சு?"

"தெரியல மச்சான். ஸ்கிரீன்ல சரியாத்தான் இருந்திச்சு. இந்தா பாருங்க, இன்னும் இருக்கு."

"ஆமா, ஸ்கிரீன் சரி. ஸ்கிரீன் பொய் சொல்லாது. அப்ப யாரு சொல்றா?"

பெறகு விழுந்தது இரும்புல விழுற சத்தமும் இல்ல, ஆள் மேல விழுற சத்தமும் இல்ல. ரெண்டும் சேந்த சத்தம். நான் பெல்ட்டப் போட்டுட்டு ஓடினேன்.

நீட்டு ஸ்பேனர் பாஸ் கையில இருக்கு. மகேந்திரன் ஸ்கிரீனைக் காட்டுறதுக்கு மிசின் மேசையில ஊனியிருந்த கை, அங்கேயே கெடக்கு, மணிக்கட்டு போகக் கூடாத தெசைக்குப் போயிருக்கு. அவன் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறான், சத்தம் வரல. பாஸ் ரெண்டாவது தடவை ஓங்கிட்டாரு. லொறிக்காரனுங்க சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு நிக்கிறானுங்க, தடிமாடுங்க. நான் போய் ஸ்பேனர ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்கினேன். அவரு என்னையும் சேத்துத் தூக்கினாரு. என் தோள் மிசின்ல போய் இடிச்சுச்சு, இன்னைக்கும் மழைக்கு வலிக்கும். "சொல்லுடா, எண்ணாம வுட்டுட்டேன்னு சொல்லுடா"ன்னு என் தலைக்கு மேலால கத்துறாரு. மகேந்திரன் சொன்னான், "ஆமா மச்சான், எண்ணாம வுட்டுட்டேன்." ஸ்கேல் பூட்டினதுக்குப் பிறகு அங்க எண்ணுறதுக்கே ஒன்னும் இல்ல. ஆனா பாஸ் கை எறங்கிருச்சு. ஸ்பேனரக் கீழ போட்டாரு. அவன அடியிலருந்து காப்பாத்தணும்னு நாங்க கொண்டாந்து பூட்டின சாமான், அவனுக்கு எதிராவே சாட்சி சொல்லிருச்சு.

ஆஸ்பத்திரியில டொக்டர் எப்பிடி நடந்துச்சுன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்க முன்னுக்கே லெச்சுமி சிங்களத்துல சொல்லிட்டா, மிசின்ல கை மாட்டிக்கிச்சுன்னு. என் கையப் போட்டு நுள்ளினா நுள்ளு, ரத்தமே வந்திருச்சு. மகேந்திரனும் தலைய ஆட்டினான். பாஸ் பக்கத்துலதான் நின்னாரு. சோத்துல கெடந்த கல்லுக்குப் பொய் பொறுக்காத ஆளு, இந்தப் பொய்யக் கேட்டுக்கிட்டுக் கம்முனு நின்னாரு. எனக்கு அந்த மொகத்தப் பாக்கவே பிடிக்கல, எழும்பி வந்துட்டேன்.

மறுநாள் காலையில அவரே மில்லிங் மிசின்ல நின்னாரு. இருக்கிறது கடைசி வார்ப்பு. நல்ல வேளை, நேரா அதுல கை வைக்காம, ஒரு பழைய தகட்டுல போட்டுப் பாத்திருக்காரு. கொஞ்ச நேரத்துல என் கடை வாசல்ல வந்து நின்னாரு. சத்தம் போடல. "தங்கச்சி, ஒருக்கா வந்து பாக்கிறீங்களா?" அந்தக் கொரல நான் அதுக்கு முன்னுக்குக் கேட்டதே இல்ல.

போனேன். மேசைய நகத்தச் சொன்னேன். மேசை நகருது, எண்ணும் ஓடுது, ஒரு எடம் வந்ததும் மேசை போகுது, எண் நின்னுருச்சு. பெறகு மறுபடி ஓடுது. ஸ்கேலுக்கு மேல இருந்த மறைப்புத் தகட்டக் கழட்டிட்டுக் குனிஞ்சு பாத்தேன். ரப்பர் ஒதடு நீட்டுக்கு மஞ்சளா இருந்துச்சு. ஸ்குரூ டிரைவரால முனைய அவுத்து, தலைய வெளிய இழுத்தேன். தலையில, கண்ணாடியில, கோடு கோடா அப்பிக்கிட்டுக் காஞ்சு போன பசை. பாஸ் விரலால தொட்டு மோந்து பாத்தாரு. சந்தனம், பன்னீர் வாசம் கூட போகல.

மறைப்பத் தூக்கி, மூனு விரலையும் வச்சு, ஸ்கேலுக்கு நீட்டுக்குச் சந்தனப் பட்டை இழுத்திருக்காரு. கொட்டகையிலயே பொய் சொல்லாத சாமான்னு, அதுக்கு மட்டும் விசேசமா.

"நான்தான் பூசினேன்"னாரு.

"வேற யாரு பூசுவா? யாரத் தொடவிட்டீங்க நீங்க? காந்த ஸ்கேல் வாங்குங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அதுக்கு அபிசேகமே பண்ணியிருக்கலாம், ஒன்னும் ஆயிருக்காது. அழுக்குப் பட்டா குருடாகும்னு சொன்னேனா இல்லையா? ஒரு மனுசன் கைய ஒடச்சுப் போட்டுட்டீங்களே பாஸ். நீங்க நல்லா இருப்பீங்களா?" நான் இன்னும் என்னென்னமோ சொன்னேன், எழுத முடியாத வார்த்தையெல்லாம். அவரு வேட்டித் துணி ஒன்னு எடுத்து, தலைய மெதுவாத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

"அவன் தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டுக் கெடக்கான். வந்து சொல்லுங்க"ன்னேன். தலைய ஆட்டினாரு. த்ரீவீலர்ல ஏறினோம். வழியெல்லாம் அவரு கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு.

ஆஸ்பத்திரி வாட்டுல நோயாளியப் பாக்க விடுற நேரம். மகேந்திரன் கட்டில்ல சாஞ்சிருக்கான், கையில மாவுக் கட்டு. லெச்சுமி அவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தா. பாஸ் கட்டிலோட கால்மாட்டுலயே நின்னுட்டாரு. நான்தான் சொன்னேன்: "மகேந்திரா, உன் மேல பெழையே இல்லப்பா. ஸ்கேலுக்குள்ள சந்தனம் போயிருக்கு. பூசைக்கு இவரு பூசினது."

அவன் ஆச்சரியப்படல. சோத்த முழுங்கிட்டுச் சொன்னான்.

"தெரியும் அக்கா. காலையில மேசைய நகத்தும்போதே மறைப்புக்கு அடியில ரப்பர்ல மஞ்சளா இழுபட்டது தெரிஞ்சுச்சு. தொடைக்கிறதுக்குத் துணி எடுத்தேன். சாமிக்கு வச்சதத் தொடைச்சேன்னு அடிப்பாரேன்னு இருந்துச்சு. தொடைக்காட்டி, வேலை பெழையாப் போனா அதுக்கு அடிப்பாரு. ரெண்டுல எது கொறச்சலா விழும்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். அதுக்குள்ள மச்சான் வந்து என்ன நிக்கிறேன்னாரு. வேலையத் தொடங்கிட்டேன்."

"அடிக்கும்போதாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"சாமி மேல பழி போடுறான்னு இன்னும் ரெண்டு விழுந்திருக்கும்."

இத அவன் கோவமாச் சொல்லல, அழுதுக்கிட்டும் சொல்லல. மழை வருமா வராதான்னு பேசுற மாதிரிச் சொன்னான். இத்தினி வருசமா அந்த ஆளு தட்டித் தட்டி உண்மையத் தேடுறேன்னு நின்னாரு. அவரச் சுத்தி இருந்த சனத்துல ஒருத்தரும் அவருகிட்ட உண்மை பேசல.

லெச்சுமி சோத்துக் கோப்பைய ஜன்னல்ல வச்சா. கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு எழும்பி, வாட்டுக் கோடியில உக்காந்திருந்த நர்ஸ்கிட்ட நடந்து போனா. சிங்களத்துல, நிறுத்தி நிறுத்தி, வாட்டுல எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னா: "மிஸ், நேத்து நான் சொன்னது பொய். தம்பி கையில பட்டது மிசின் இல்ல. என் புருசன் ஸ்பேனரால அடிச்சாரு. அந்தா நிக்கிறாரு."

நர்ஸ் எழும்பி வந்து, பாஸ ஏற எறங்கப் பாத்தாங்க. "மெய்யா?"

"ஆமா மிஸ், நான்தான்." ஒரு நொடி தாமசிக்கல. "பொலிசக் கூப்புடுங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

நர்ஸ் டெலிபோன் பக்கம் போனாங்க. லெச்சுமி திரும்பி வந்து, அவரப் பாக்காமலே கோப்பைய எடுத்து, விட்ட எடத்துலருந்து ஊட்டத் தொடங்கினா. மகேந்திரனோட போர்வை ஒரு பக்கம் சரிஞ்சு தரையில தொட்டுக்கிட்டு இருந்துச்சு. அதத் தூக்கிப் போடுறதுக்காகத்தான், சத்தியமா அதுக்காகத்தான், பாஸ் கட்டிலோட தலைமாட்டுப் பக்கம் வந்து கைய நீட்டினாரு.

மகேந்திரன் வாயில சோத்தோட, கண்ண இறுக்க மூடிக்கிட்டு, மாவுக் கட்டுப் போட்ட கையத் தூக்கி மொகத்துக்குக் குறுக்க வச்சான்.

பாஸ் போர்வையத் தொடல. திரும்பி, கட்டில்களுக்கு நடுவால நடந்து, வெளிய கெடந்த மர வாங்குல போய் உக்காந்தாரு. அவரு வாட்டுக் கதவத் தாண்டிப் போற வரைக்கும் மகேந்திரன் அந்தக் கைய எறக்கல.